மடியில் போன உடைசல்

தம்பி,

நாங்கள் இங்கே நல்லபடியாக இருக்கிறோம் என்று முதல் வரி எழுதினேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். உன் அப்பா நல்லபடியாகத்தான் இருக்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை கையில் எடுத்தேன். நீதான் போனை எடுத்தாலே "சரிம்மா, சரிம்மா, மீட்டிங்ல கீறேம்மா" என்கிறவன் ஆயிற்றே. இது சரிம்மா போட்டு வைத்துவிடுகிற சமாச்சாரம் இல்லை. அதனால்தான் நூறு நாள் வேலையில் ஆள் கணக்கு எழுதினேனே, அந்த நோட்டில் மிச்சம் இருந்த தாளைக் கிழித்து எழுதுகிறேன். இன்று புதன்கிழமை, காலை ஏழு மணி. உன் அப்பா பத்து மணி பஸ்ஸைப் பிடித்து திண்டிவனம் வந்து உன் கையிலேயே கொடுப்பார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நீ படித்து முடிக்கிறவரைக்கும் அவரை டீ குடிக்க அனுப்பிவிடு.

நாளைக்கு விழுப்புரத்தில் அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகிறது. உன் காலேஜ் ஒரு பக்கம், திண்டிவனத்து மிஷின் கம்பெனி ஒரு பக்கம், கவர்மெண்ட் ஒரு பக்கம். மூன்று பேரும் சேர்ந்து, விதை மல்லாட்டை, உங்கள் தாளில் நிலக்கடலை என்று போடுவீர்களே, அதை உடைக்கிற மிஷினை மாவட்டம் முழுக்கக் கொடுக்கப் போகிறீர்கள். நடத்திக் கொடுக்கிற பொறுப்பு உன்னுடையது. இது நல்லபடியாக நடந்தால்தான் உன் கான்ட்ராக்ட் வேலை பர்மனென்ட் ஆகும் என்று நீ வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேனே! சாப்பிட்ட கையைத் துடைத்தும் துடைக்காமல் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் மூன்று வட்டம் போட்டாய். ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல.

"யம்மா, இதான்மா மாடலு. காலேஜ்ல அறிவு கீது, கம்பெனில மிஷின் கீது, கவர்மெண்ட்ல பணம் கீது. தனித்தனியா இருந்தா ஒண்ணும் வராது. மூணும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறுதே, இந்த நடு எடம், இங்கதான் புதுசு பொறக்குது" என்றாய். எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு நாலாவதாக ஒரு வட்டம் போட்டு "சமூகம்" என்று எழுதினாய். "இது யாருடா?" என்று கேட்டேன். "நீதாம்மா. நீ, நெலத்துக்காரரு, வெதை வாங்கறவங்க, எல்லாரும்" என்றாய். அங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. நிலத்துக்காரரும் நானும் எப்போதடா ஒரே வட்டத்துக்குள் இருந்தோம்? அவர் களத்தில் உட்கார்ந்து அவர் காயை உடைத்தோம், சாயங்காலம் எழுந்து வந்தோம். அவர் ஒன்று நினைப்பார், நாங்கள் ஒன்று நினைப்போம். உன் பேனாவுக்கு அதெல்லாம் தெரியவில்லை. ஒரு சுழி சுழித்து எல்லோரையும் உள்ளே போட்டுவிட்டது. சரி, படித்தவன் சொல்கிறான் என்று சும்மா இருந்தேன்.

அதற்கப்புறம்தான் நீ பையிலிருந்து அந்தப் பழைய பைலை எடுத்தாய். "கண்ணை மூடிக்கோ" என்றாய், சின்னப் பிள்ளை மாதிரி. திறந்தால், பழுப்பேறிய தாளில் ஒரு கட்டம். கட்டத்துக்குக் கீழே என் கையெழுத்து. நான்தான், என் எழுத்துதான், பெயரின் கடைசி எழுத்தை நான் எப்போதும் கீழே இழுத்துவிடுவேனே, அதேதான். "பாத்தியாம்மா! மொதல் டெஸ்ட்டு நடந்தப்ப தொழிலாளி சாட்சின்னு நீதான் கையெழுத்துப் போட்டுக்கிற! எங்க டைரக்டரே அசந்துட்டாரு. வர்ற வியாழக்கெழம நீயும் மேடைல உக்காரப்போற" என்றாய். அந்தக் கட்டத்தில் "உடைந்த பயிறு (பருப்பு): மிகக் குறைவு" என்று இருந்ததை விரலால் தட்டித் தட்டிக் காட்டினாய். அந்த ஒரு வரியை வைத்துத்தான் புதுத் திட்டமே நிற்கிறது, இனிமேல் டெஸ்ட்டே வேண்டாம் என்றாய். நான் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். நீ அம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டாய். அட என் மக்குப் பிள்ளையே.

தம்பி, அந்த வரி பொய். அதைப் பொய் ஆக்கியவள் நான். நான் மட்டும் இல்லை, ஆனால் கையெழுத்துப் போட்டவள் நான்தானே. நீ அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய், காணைக்குப் பக்கத்தில் நம் பழைய ஊரில் இருந்தோம். விதைக்கிற காலம் வந்தால் எங்களுக்கு மல்லாட்டை உடைக்கிற வேலை. செக்குக்குப் போகிற காயை எந்த மிஷினிலும் போட்டு உடைக்கலாம், எண்ணெய்க்கு உடைந்தால் என்ன, உடையாவிட்டால் என்ன. விதைக் காயை மட்டும் கையால்தான் உடைக்க வேண்டும். பயிற்றின் மூக்கில் அடி பட்டால் முளைக்காது. நாள் முழுக்க உடைத்தால் கட்டை விரல் தோல் உரிந்துவிடும், சோற்றில் காரம் பட்டால் உயிர் போகும். அளந்து கூலி கொடுப்பார்கள். கூலியோடு இன்னொன்றும் உண்டு. அதை யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் பேசி முடித்ததும் இல்லை: உடைசல் எங்களுக்கு. உடைக்கும்போது இரண்டாகப் பிளந்தது, தோல் உரிந்தது, நசுங்கியது எல்லாம் உடைக்கிறவள் மடிக்குப் போகும். நிலத்துக்காரர் உடைசலுக்கென்று ஒரு முறம் வைத்திருப்பார், அதில் மரியாதைக்கு ஒரு கை போட்டு வைப்போம். அவரும் பார்ப்பார், பார்க்காத மாதிரி போவார். அந்த உடைசல்தான் வீட்டில் சட்னி, அதுதான் வெல்லம் போட்டு இடித்த உருண்டை. நீ பள்ளிக்கூடத்துக்கு டவுசர் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு போவாயே, அது வேறு எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்?

அந்த வருஷம் டாட்டா ஏஸ் வண்டியில் மிஷின் வந்து இறங்கியது. கூட மூன்று பேர். ஒரு காலேஜ் புரொபசர், மிஷினை வரைந்தவர். திண்டிவனத்து கம்பெனி முதலாளி, செய்தவர். ஒரு வேளாண் ஆபீசரம்மா, கவர்மெண்ட் ஆள். களத்தில் பேனர் கட்டினார்கள், காய் உடைக்கிற எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டார்கள். மிஷின் உடைத்துத் தள்ளுகிறதை நாங்கள் பொறுக்க வேண்டும்: நல்ல பயிறு ஒரு தட்டு, உடைசல் ஒரு தட்டு, உடையாத காய் ஒரு தட்டு. அஞ்சலை பெரியம்மா என் பக்கத்தில். அவள் அன்று பூராவும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். "நம்ம சோத்துல மண்ணு அள்ளிப்போட மிஷினைக் கொண்டாந்துட்டு, நம்மளயே பொறுக்கச் சொல்றானுங்க பாரு. இன்னா தெகிரியம்!" என்றாள். ஆனால் வேலை என்று உட்கார்ந்துவிட்டால் கை சும்மா இருக்குமா? பொறுக்கினோம். நல்லது தட்டுக்கு, காய் தட்டுக்கு, உடைசல் மடிக்கு. வழக்கம்போல மரியாதைக்கு ஒரு கை தட்டிலும் போட்டோம். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது என் மனசில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அந்தத் தட்டு எதற்கு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

புரொபசர் மிஷின் பக்கத்திலேயே குனிந்துகொண்டு நின்றார், அந்தச் சத்தத்தில், தூசியில், சட்டையெல்லாம் மண்ணாக. கடைசியில் தட்டுகளைத் தராசில் வைத்தார்கள். உடைசல் தட்டை வைத்ததும் அவர் முகம் இருந்ததே! திரும்ப எடுத்து, திரும்ப வைத்துப் பார்த்தார். பிள்ளை பாஸாகிவிட்டான் என்று கேட்ட தகப்பன் மாதிரி சிரித்தார். அப்புறம் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு, "மொத்தமா பாத்தா எடை கொஞ்சம் கொறையுதேம்மா" என்று ஆபீசரம்மாவிடம் கேட்டார். அந்தம்மா வெயிலில் நின்று சலித்துப் போயிருந்தது. "தோலு காத்துல பறந்திருக்கும் சார். எனக்கு முகையூர்ல வேற மீட்டிங் கீது, ஜல்தி முடிங்க" என்றது. அவரும் முடித்துவிட்டார். எங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி, எட்டாவது. கூப்பிட்டு கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கவர்மெண்ட் தாளில் என் பெயர்! வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் மூன்று தடவை சொன்னேன். மடியில் இருந்த உடைசலில் அன்றைக்கே உனக்கு உருண்டை பிடித்தேன். வழக்கத்தைவிட நிறையவே இருந்தது. நிறைய இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் நிறைய இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

மிஷின் பாஸ் ஆயிற்று. அந்த விதைப்புப் பட்டத்துக்கு அதில் உடைத்த விதையைத்தான் சுற்றுவட்டாரத்தில் பல பேருக்குக் கொடுத்தார்கள். முளைத்தது பார், சொட்டை சொட்டையாக. ஒரு முழம் இருக்கும், அடுத்த மூன்று முழம் வெறும் மண். பெரிய நிலத்துக்காரர்கள் மறு உழவு ஓட்டி உளுந்து போட்டுவிட்டார்கள். அஞ்சலை பெரியம்மாவின் மருமகன் அந்த வருஷம்தான் முதல் முறையாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். கூலிக்காரனாகவே இருந்து செத்துப்போகக் கூடாது என்று எடுத்தான். அவனும் அந்த விதையைத்தான் விதைத்தான். பயிர் போனது, குத்தகை போனது, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன்தான், இன்றுவரைக்கும் மண்வெட்டியைத் தொடவில்லை. அவன் மாமியார் மடியிலும் அன்றைக்கு உடைசல் இருந்தது.

எங்கள் நிலத்துக்காரர் மட்டும் மறு உழவு ஓட்டாமல், முளைக்காமல் பொக்கை விழுந்த இடத்தில் கையால் உடைத்த விதையை ஊன்ற எங்களைக் கூப்பிட்டார். ஊன்றிக்கொண்டிருக்கும்போது புரொபசர் வந்தார். தனியாக வரவில்லை. ஆபீசரம்மா, நிலத்துக்காரர், இன்னும் நாலைந்து பேர் பின்னால். அவர் சேற்றில் உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறி, முளைக்காத பயிறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் அழுகி, கொழகொழவென்று. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "யம்மா, அன்னைக்கு உடைஞ்ச பயிறை ஒண்ணு விடாம தட்டுல போட்டீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன்." அப்போதுதான் தம்பி எனக்குச் சுளீர் என்றது. அந்தத் தட்டு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் நிலத்துக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். மடியில் கட்டிக்கொண்டு போனோம் என்று வெளி ஆட்கள் முன்னால் சொன்னால், நாளைக்கு இவர் "திருடினீங்களா" என்று கேட்பார். கையெழுத்துப் போட்டவள் வேறு, போலீஸ் அது இது என்று வந்தால்? மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள். "எல்லாம் போட்டோம் சார்" என்று சொல்லிவிட்டேன். அஞ்சலை பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு விதை ஊன்றிக்கொண்டே போனாள். அவர் என்னை நம்பினார். "சரிம்மா" என்று எழுந்து போய்விட்டார்.

நம்பினதால்தான் அவருக்குக் கேடு. மிஷின்மேல் தப்பு இல்லை என்று முடிவு கட்டிவிட்டு, விதை வைத்திருந்த கிடங்கைக் குறை சொன்னார், விதையில் கலந்த மருந்தைக் குறை சொன்னார். ஆபீசரம்மா அவரைச் சொன்னது. கம்பெனிக்காரர், "அவரு வரைஞ்சு குடுத்ததைத்தான் செஞ்சேன்" என்றார். எல்லோரும் சேர்ந்து அவர் தலையில் கட்டிவிட்டார்கள். வேறெங்கோ மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி. மிஷினும் மூலைக்குப் போனது; விதை முளைக்காததை யாரும் பைலில் எழுதவில்லை போலிருக்கிறது, டெஸ்ட் தாள் மட்டும் பாஸாகவே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீயும் சொன்னாயே, இந்த விழாவுக்கு அவரைப் போனில் அழைத்தேன், "அந்த மிஷின் பேச்சை எடுக்காதீங்க" என்று வைத்துவிட்டார் என்று. நீ அவரைப் பொறாமை பிடித்தவர் என்று சொல்லிச் சிரித்தாய். நான் அப்போது உன் வாயிலேயே ஒன்று போட்டிருக்க வேண்டும். போடுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

இதில் எனக்கு விளங்காத விஷயங்கள் நிறைய இருக்கின்றன, தம்பி. ரொம்ப நாள் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்: உடைசலைத்தானே எடுத்தோம், நல்ல பயிற்றை விட்டுவிட்டுத்தானே வந்தோம், கெட்டதை எடுத்தால் மிச்சம் இருப்பது நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? அப்புறம் ஒருநாள் உடைக்கும்போது என் கட்டை விரலே எனக்குப் பதில் சொன்னது. கை முரட்டுத்தனமாகப் போகிற அன்றைக்கு உடைசல் அதிகமாக விழும். விழுந்தால் கையை மெதுவாக்கிக்கொள்வேன். உடைசல் நிறைய விழுகிறது என்றால், உடையாமல் தப்பித்த பயிறும் உள்ளே அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும், மண்ணில் போட்டால் அழுகும். அந்தத் தட்டு நிறைந்திருந்தால் புரொபசர் மிஷினின் கையை மெதுவாக்கியிருப்பார். ரப்பரை மாற்றியிருப்பார், வேகத்தைக் குறைத்திருப்பார், என்னவோ செய்திருப்பார். நாங்கள் அவருக்கு அந்த வழியையே காட்டவில்லை. ஆனால் பார், மிஷின் தோற்றதால்தான் எங்களுக்கு அதற்கப்புறமும் வருஷா வருஷம் உடைக்கிற வேலை இருந்தது. அந்த வேலையில்தான் நீ பிளஸ் டூ முடித்தாய், காலேஜ் போனாய். அப்படியானால் நான் சொன்ன பொய் உனக்குச் சோறு போட்டதா, அஞ்சலை மருமகன் சோற்றில் மண் போட்டதா? இரண்டும்தான் என்றால் அதை நான் எந்தப் பக்கம் வைப்பது? நீ இவ்வளவு படித்திருக்கிறாயே, எனக்குச் சொல்லேன்.

திங்கட்கிழமை அஞ்சலை பெரியம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எடுத்ததும் அவள் சீறினாள். "உடைசல் நம்ம பங்குடி. பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து நம்ம பங்கு. அதை எடுத்ததுல இன்னா தப்பு? அவங்களுக்கு வேணும்னா முன்னாடியே கேட்டிருக்கணும். நம்மள கேட்டா மிஷின் செஞ்சானுங்க?" அவள் சொல்வதும் நியாயம்தான் என்று தோன்றியது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, எடுத்தது தப்பில்லை, கேட்டபோது பொய் சொன்னாயே அது என்ன என்று தோன்றியது. பஸ் வந்ததும் மறுபடியும் அஞ்சலை சொன்னதே சரி என்று தோன்றியது. இப்படி ஒரு பேஜாரு எனக்கு என் வாழ்நாளில் வந்ததில்லை.

நேற்று செவ்வாய்க்கிழமை உனக்குச் சொல்லாமல் திண்டிவனம் வந்தேன். கோபித்துக்கொள்ளாதே. அந்தக் கம்பெனி முதலாளியைப் போய்ப் பார்த்தேன். அன்றைக்குக் களத்தில் "ஏ, இந்தா, அந்தாண்ட நவுந்து உக்காரு" என்று பேசினவர், நேற்று "வாங்கம்மா, வாங்க, நம்ம சார் அம்மாவா, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நீ படித்த படிப்புக்கு அந்த மரியாதை, எனக்கு இல்லை. உட்கார்ந்ததும் போட்டு உடைத்துவிட்டேன். "சார், அன்னிக்கு நாங்க உடைசலை மடில கட்டிக்கினு போயிட்டோம். அந்தக் கணக்கு தப்பு சார்." மனிதர் அதிர்ந்துபோவார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்! "எனக்குத் தெரியாதாம்மா? பாத்துக்கினுதானே நின்னேன். அஞ்சு பேரு மடியும் மூட்டை கணக்கா இருந்துச்சு. ரிசல்ட்டு நல்லா வருது, ஆர்டரு வரப்போவுது, நான் ஏன் வாயத் தொறக்கணும்?" என்கிறார். அடப்பாவி மனுஷா! நான் இத்தனை வருஷம் என் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு செத்ததை இவர் பைலுக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்.

"சரி சார், இப்ப குடுக்கப்போற மிஷினுல அதெல்லாம் மாத்தியாச்சா?" என்று கேட்டேன். "எதும்மா மாத்தறது? டெஸ்ட்டுல பாஸான டிசைனு. ஒரு போல்ட்டை மாத்தினாலும் திரும்ப டெஸ்ட்டு, திரும்ப கமிட்டி. அதே மிஷின்தான், பெயிண்ட்டு புதுசு" என்றார். எழுந்து வரும்போது வாசல்வரை வந்து, குரலைத் தணித்துக்கொண்டு, "உங்க புள்ளையோட மொதல் ப்ராஜெக்ட்டும்மா. பெத்தவங்க நீங்களே கிளறலாமா?" என்றார். அங்கிருந்து உன் காலேஜ் கேட் வரைக்கும் வந்தேன். வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். அவருக்கும் தெரியும், ஆபீசரம்மாவும் எடை குறைந்ததைத் தட்டிக் கழித்தது, அப்படியானால் நான் மட்டும் எப்படிக் குற்றவாளி? பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டுகிறவரைக்கும் அந்த நிம்மதி இருந்தது. அப்புறம் போய்விட்டது. அவர்கள் மூன்று பேரில் ஒருத்தர்தான் மண்ணில் உட்கார்ந்து கேட்டார். அந்த ஒருத்தருக்குத்தான் நான் பொய் சொன்னேன். உனக்குப் புத்தி சொல்கிற நிலையில் நான் இல்லை. இருந்தாலும் பெற்றவள் வாய் சும்மா இருக்காது, ஒன்றே ஒன்று சொல்கிறேன். யாரிடமாவது நீ ஏதாவது கேட்கப் போனால், கேட்பதற்கு முன்னால் அவர்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார். நிலத்துக்காரர் இல்லாத இடத்தில் அந்த சார் என்னைத் தனியாகக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதுகூட இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. நீயே ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஏதாவது கேட்டாயா? பைலைக் காட்டினாய், கையெழுத்தைக் காட்டினாய், மேடையைச் சொன்னாய். "யம்மா, அன்னிக்கு இன்னா நடந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன் எதிரிலேயே அழுதிருப்பேன்.

சரி, நாளைக்கு என்ன செய்வது? நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிஷின் வரக்கூடாது என்பதும் என் ஆசை இல்லை, என் விரல் போன கதி இன்னொருத்தி விரலுக்கு வேண்டாம். திரும்ப ஒரு தடவை களத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள், உடைசல் யாருடைய பங்கோ அதை அளந்த பிறகு அவர்களிடம் கொடுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள் என்று நீ உங்கள் டைரக்டரிடம் சொல்ல முடியுமா? சொன்னால் உன் வேலை என்ன ஆகும்? கம்பெனிக்காரர் உன்னைச் சும்மா விடுவாரா? எனக்குத் தெரியவில்லை. உனக்கு வேலை போய்விடும் என்று நினைத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. யாரோ ஒருத்தன் உன் விதையை நம்பி முதல் முறையாகக் குத்தகை எடுத்திருப்பான் என்று நினைத்தால் மறுபடியும் எடுக்கிறேன். அந்தப் புரொபசர் சார் நம்பர் உன்னிடம் இருக்கிறதல்லவா, அதை ஒரு சீட்டில் எழுதி உன் அப்பாவிடம் கொடுத்தனுப்பு. அவரிடம் பேச வேண்டியது நான், நீ இல்லை.

நாளை காலை நான் அங்கே வருவேன். மேடையில் எனக்கு நாற்காலி போடுவதும் போடாததும் உன் இஷ்டம், கீழே உட்கார எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. என் கையெழுத்து இருக்கிற அந்தத் தாளை நீயே பைலிலிருந்து எடுத்துவிட்டு, ஏன் எடுத்தாய் என்று நீயே சொல்லிவிடு. நீ எடுக்காவிட்டால் நான் எழுந்து நின்று எடுக்கச் சொல்வேன். அவ்வளவு பேர் முன்னால், உன் டைரக்டர் முன்னால், நான் பெற்ற பிள்ளையைத் தலைகுனிய வைக்கிற அம்மாவாக ஆக எனக்கு ஆசை இல்லை, தம்பி. என்னை அப்படி ஆக்கிவிடாதே.

உன் அம்மா